தனிவழிப் பயணிகளும் அரச மாளிகைகளும்

அரண்மனைகளினதும் கோட்டைகளினதும் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த மன்னன் எந்த மண்டபத்தை எழுப்பினான், எந்தப் பிரபு எந்த ஓவியத்தை என்ன விலை கொடுத்து வாங்கினான் என்னும் செய்திகள் மாளிகைகளின் கணக்கேடுகளிலும் குடும்பக் கடிதங்களிலும் நிறைய உள்ளன. ஆனால் அம்மாளிகைகளின் வாயிலில் அழைப்பின்றி வந்து நின்ற அந்நியனைப் பற்றி அவ்வேடுகள் அதிகம் பேசுவதில்லை. அவனைப் பற்றி அறிய வேண்டுமாயின் அவனே எழுதிச் சென்ற குறிப்புகளைத்தான் நாடவேண்டியுள்ளது. அவற்றுள்ளும் தனியே பயணஞ் செய்தோரின் குறிப்புகள் தனிப் பெறுமதி உடையன. கூட்டமாக வருவோர் கண்டதைத் தமக்குள்ளே பேசித் தீர்த்துவிடுவர். தனியே வந்தவனுக்கோ மாலையில் விடுதி அறையில் ஏடொன்றே துணை. மாளிகை காணும் வழக்கம் நீண்ட காலமாக வேரூன்றியுள்ள இங்கிலாந்தில் இத்தகைய பயணிகள் சிலரின் வழியைப் பின்பற்றிச் சென்றால், மாளிகைக் கதவு யாருக்கு, எவ்வாறு, எவ்விலைக்குத் திறந்தது என்னும் வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

மத்திய காலத்துப் பெருமாளிகையில் 'பார்வையாளன்' என்றொருவன் இருக்கவில்லை. பெருமண்டபத்தில் உண்ண வந்தோர், வழக்குரைக்க வந்தோர், பணிசெய்ய வந்தோர் யாவரும் ஏதோவொரு காரணம் பற்றி வந்தவர்களே. காண்பதற்காகவே ஒருவர் வருவதென்பது, மாளிகைத் தலைவன் பெருமண்டபத்தை விட்டு உள்ளறைகளுக்கு ஒதுங்கிய பின்னர், அவ்வறைகளின் அழகு ஊரார் வாயிற்பட்ட காலத்தில் உருவான வழக்கமாகும். இவ்வழக்கத்தின் தொடக்க காலத்துச் சான்றுகளுள் முதன்மையானது ஒரு பெண்மணி எழுதியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சீலியா பைன்ஸ் அம்மையார் 1662இல் சோல்ஸ்பெரிக்கு அண்மையிலுள்ள நியூற்றன் ரோனி என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் கேணலாக இருந்தவர். அம்மையார் இறுதிவரை மணம் புரியவில்லை. ஏறத்தாழ 1684 முதல் இருபது ஆண்டுகளுக்குக் கிட்டிய காலப்பகுதியில், பக்கச்சேணமிட்ட குதிரையில் அமர்ந்து இங்கிலாந்தின் மாவட்டங்களை அவர் சுற்றிவந்தார். 1697இலும் 1698இலும் மேற்கொண்ட பயணங்களே அவற்றுள் நெடியன. காற்றுமாற்றமும் உடற்பயிற்சியும் உடல்நலத்துக்கு நல்லன என்பதே அவர் கூறிய காரணம். அக்காரணத்தை முழுதாக நம்பவேண்டியதில்லை. நலந்தேடிச் செல்பவர் ஊற்று நீராடித் திரும்புவாரேயன்றி, வழியிலுள்ள ஒவ்வொரு பிரபுவின் வீட்டுப் படிக்கட்டையும் எண்ணிக்கொண்டிரார்.

தனியே சென்றார் என்னும்பொழுது ஒரு திருத்தம் வேண்டும். அவருடன் வேலையாட்கள் ஒருவரோ இருவரோ எப்பொழுதும் சென்றனர். அக்காலத்து வழக்கின்படி அவர்கள் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. அவர்களின் பெயர்களைத்தானும் அம்மையாரின் ஏட்டில் தேடிப்பெறுதல் அரிது. எனினும், ஆண்துணையான உறவினர் எவருமின்றி ஒரு பெண் இத்தனை தூரம் சென்றமை அக்காலத்தில் எளிய காரியமன்று. 1698இல் செஸ்ரரிலிருந்து விற்சேர்ச் செல்லும் வழியிற் சந்தேகத்துக்குரிய இருவர் அவரைத் தொடர்ந்தனர். மேலங்கிகளுக்குள் அவர்கள் கைத்துப்பாக்கி வைத்திருந்தனர் என்பது அவர் கருத்து. சந்தை நாளாதலால் வழியில் மக்கள் நடமாட்டம் மிகுந்திருக்க, அவ்விருவரும் விலகிச் சென்றுவிட்டனர். இந்நிகழ்ச்சியைச் சில வரிகளில் முடித்துவிட்டு அடுத்த ஊரின் வருணனைக்கு அவர் சென்றுவிடுகிறார்.

அம்மையாரின் கண் எதில் தங்கியது என்பதே வரலாற்று மாணவனுக்குப் பயன் தருவது. பழமையில் அவருக்குப் பற்றில்லை. டார்பிசயரிலுள்ள ஹடன் மாளிகையை நல்ல பழைய வீடென்று கூறி, அக்கால நாகரிகத்துக்கேற்ற புதுமை எதுவும் அங்கில்லையென ஒதுக்கிவிடுகிறார். அதே பயணத்தில், முதலாம் டெவன்சயர் கோமகன் புதுப்பித்துக்கொண்டிருந்த சாட்ஸ்வேர்த் மாளிகையை அவர் வியந்து வியந்து எழுதுகிறார். உலோகத்தால் மரம்போற் செய்யப்பட்டு, இலைகள்தோறும் நீர் சொரிந்து அருகில் நிற்போரை நனைக்கும் ஊற்றும், வெந்நீரும் தண்ணீரும் தனித்தனிக் குழாய்களால் வந்துசேரும் பளிங்கு நீராடுதொட்டியும் அங்கு அவரைக் கவர்ந்தன. வின்சரிலோ, நீரால் அலசப்படும் பளிங்கு மலகூடத்தையும் குறிப்பிடத் தவறவில்லை. அரச வம்சத்தின் பெருமை பேசும் நூல்கள் எவையும் இத்தகைய செய்தியைச் சொல்லமாட்டா. வீடுகளின் நீர்வசதி வரலாற்றை எழுதுவோர் இன்றும் இவ்வம்மையாரின் குறிப்பைச் சான்றாகக் கொள்வதில் வியப்பில்லை.

இங்கு இன்னொன்றும் நோக்கத்தக்கது. அவர் ஒதுக்கிய ஹடன் மாளிகை, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரிமையாளரால் கைவிடப்பட்டு, இருநூறு ஆண்டுகள் வரை குடியிருப்பாரின்றிக் கிடந்தது. அதனாலேயே அது பெரிதும் மாற்றப்படாமல் எஞ்சியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புதுப்பிக்கப்பட்ட பின்னர், மத்திய கால மாளிகையொன்றின் சிறந்த எடுத்துக்காட்டென அறிஞர் அதனையே போற்றுகின்றனர். நாகரிகத்துக்கு ஒவ்வாமை சில வேளைகளிற் கட்டடங்களுக்கு நல்ல காவலாகிவிடுகிறது.

அம்மையாரின் குறிப்புகள் உறவினர் படிப்பதற்காக எழுதப்பட்டவை. 1741இல் அவர் மறைந்தபொழுதும் அவை அச்சேறவில்லை. 1888இலேதான் முழுநூலாக வெளிவந்தன. ஆகவே அவருக்குப் பின் மாளிகை காணச் சென்றோர் அவரைப் பின்பற்றிச் சென்றவரல்லர். அவ்வழக்கம் தானே பரவியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஹொறஸ் வோல்போலின் துன்பமே சான்று. பிரதம மந்திரியாயிருந்த சேர் றொபேட் வோல்போலின் மகனாகிய இவர், 1747இல் தேம்ஸ் நதிக்கரையில் ஸ்ரோபெரி ஹில் என்னும் சிறுவீட்டைப் பெற்று, அதைச் சிறிது சிறிதாகக் கொதிக் பாணியில் ஒரு விளையாட்டுக் கோட்டையாக மாற்றினார். காண விரும்புவோர் பெருகவே, அனுமதிச் சீட்டு முறையை ஏற்படுத்தி, விதிகளை அச்சிட்டும் வழங்கினார். நாளொன்றுக்கு ஒரு குழுவினர் மட்டுமே, அதில் நால்வருக்கு மேற்படலாகாது, மே முதலாந் திகதி தொடக்கம் ஒக்டோபர் முதலாந் திகதி வரையில், நண்பகலுக்கும் மூன்று மணிக்குமிடையில் மட்டுமே அனுமதி, சிறுவர்களை அழைத்துவரலாகாது, சீட்டிற் குறித்த தொகைக்கு மேல் ஒருவர் வந்தாலும் எவரையும் உள்ளே விடவேண்டாமென வீட்டுக் காரியக்காரிக்குக் கட்டளை. இவ்வளவு விதித்தும் மனிதருக்கு அமைதி கிட்டவில்லை. தாம் வீட்டுக்காரரல்லர், சத்திரக்காரரே என்று நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் நொந்துகொள்கிறார். அதே வேளையில் மாளிகையிலுள்ள பொருள்களை விரித்துரைக்கும் விவரண நூலொன்றை 1774இல் தமது அச்சகத்திலேயே அச்சிட்டவரும் அவரேதான். கதவை அடைக்க விரும்புபவர் வீட்டுப் பொருள்களுக்கு விவரண நூல் அச்சிடுவாரா என்று கேட்கத் தோன்றுகிறது. வருவோரை வெறுத்தலும் வராவிடின் வருந்துதலும் ஒரே உள்ளத்தில் வாழக்கூடியவை போலும்.

அவர் வேறோரிடத்தில், தமது காரியக்காரி வீட்டைக் காட்டிப் பெறும் பணத்தை நினைத்தால் அவளையே மணந்துகொள்ளலாமென நகைச்சுவையாக எழுதினார். இந்நகைப்பினடியில் ஒரு பொருளாதார உண்மை உண்டு. மாளிகையைக் காட்டும் உரிமை பெரும்பாலும் அவ்வீட்டின் காரியக்காரியிடமே இருந்தது. வந்தோர் கொடுக்கும் கைப்பணம் அவளுக்குரியது. தோட்டத்தைக் காட்டினால் தோட்டக்காரனுக்கு, வாயிலைத் திறந்தால் வாயிற்காவலனுக்கு என ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கை நீண்டது. வோறிக் கோட்டையின் காரியக்காரியொருத்தி 1834இல் இறந்தபொழுது முப்பதினாயிரம் பவுண் விட்டுச்சென்றாள் என்று பரவலாகக் கூறப்படுவதுண்டு. தொகை மிகைப்படுத்தப்பட்டிருப்பினும், அவள் செல்வந்தளாக இறந்தாள் என்பதை மக்கள் எளிதில் நம்பினர் என்பதே கவனிக்கத்தக்கது. ஜேன் ஒஸ்ரினின் 1813ஆம் ஆண்டு நாவலில் எலிசபெத் என்னும் பெண் பெம்பெர்லி மாளிகையைக் காணச் செல்ல, அதன் தலைவனைப் பற்றிய அவளது எண்ணத்தைக் காரியக்காரியின் சொற்களே மாற்றத் தொடங்குகின்றன. அக்காலத்து வாசகர்க்கு அது புதுமையான காட்சியன்று. அவர்களுட் பலர் அவ்வாறே மாளிகைகளைக் கண்டவர்கள்.

இக்காரியக்காரிகளும் வழிகாட்டிகளும் சொன்ன வரலாறு எத்தகையது என்பது வேறு வினா. எடின்பரோவிலுள்ள ஹோலிறூட் அரண்மனையில், 1566இல் மேரி இராணியின் செயலாளன் றிசியோ கொல்லப்பட்ட இடத்தில் அவனது குருதிக்கறை அழியாதிருப்பதாகத் தலைமுறை தலைமுறையாகக் காட்டி வந்தனர். கறை உண்மையோ பொய்யோ, அதைக் காணாது திரும்பிய பயணி மிகச் சிலரே. தனிப் பயணிக்கு இங்கு இக்கட்டு ஒன்றுண்டு. அவன் கேட்ட கதையைச் சரிபார்க்க அருகில் எவருமில்லை. அதேவேளை நம்பியது போல் நடிக்கவேண்டிய கட்டாயமும் அவனுக்கில்லை.

இவ்வழக்கத்தின் மறுபக்கத்தை, அதாவது பணமும் வண்டியும் இல்லாதவனின் பக்கத்தை, காட்டுபவர் கார்ள் பிலிப் மொறிற்ஸ் என்னும் ஜேர்மானியர். 1756இற் பிறந்து, வறுமையில் வளர்ந்து, பெர்லினிற் பள்ளி ஆசிரியராயிருந்த இவர், 1782இன் கோடையில் இங்கிலாந்துக்கு வந்து சில வாரங்கள் தங்கினார். இலண்டனிலிருந்து றிச்மண்ட் வரை வண்டியிற் சென்று, அங்கிருந்து மில்ரனின் காவியமொன்றைச் சட்டைப்பையிற் செருகிக்கொண்டு, வின்சரை நோக்கி நடக்கத் தொடங்கினார். தம் நாட்டில் மாணவரும் அறிஞரும் நடந்து செல்வது இயல்பு. இங்கும் அவ்வாறே என்று அவர் எண்ணியிருந்தார். வேலியோர நிழலில் அமர்ந்து அவர் நூலைப் படிக்க, வண்டிகளிற் சென்றோர் தலையை நீட்டி அவரைப் பித்தனைப் பார்ப்பது போலப் பார்த்தனர். இங்கிலாந்தில் நடந்து செல்பவன் ஒன்றில் பிச்சைக்காரன், அன்றேல் கள்வன் என்று கருதப்படுவதை அவர் நாட்கணக்கிலே கற்றுக்கொண்டார்.

வின்சரின் உயர்மேடையிலிருந்து தேம்ஸ் பள்ளத்தாக்கைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சி, அவரது நூலின் இனிய பக்கங்களுள் ஒன்று. ஆனால் கோட்டையின் நிழலில் இருந்த விடுதியில் அவருக்குக் கிடைத்தது, குற்றவாளியை அடைத்துவைக்கும் சிறை போன்ற அறை. பணிமகள் முறுமுறுத்தாள், பரிமாறுபவன் முகங்கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் புறப்படும்பொழுதோ இருவரும் வழிமறித்துத் தம்மை மறவாதிருக்குமாறு கேட்டனர். கைப்பணம் கேட்பதற்கு அந்நாட்டில் வழங்கிய மரியாதைச் சொல் அது. பணிமகளின் வேண்டுகோளுக்கு, அவளுடைய முரட்டுத்தனத்தைத் தாம் நெடுங்காலம் மறவாதிருப்பதாக மொறிற்ஸ் மறுமொழி கூறினார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் எனலாம். 1783இற் பெர்லினில் வெளிவந்த அவரது நூல், 1795இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு, அப்பணிமகளின் நாட்டவரே படிக்கும்படி ஆயிற்று.

பைன்ஸ் அம்மையாரையும் மொறிற்ஸையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்பொழுது, தனிப்பயணம் என்னும் ஒரே சொல் இரு வேறு நிலைகளைக் குறிப்பது புலனாகின்றது. குதிரையில் வந்த கேணலின் மகளுக்குப் பிரபுக்களின் வீடுகள் திறந்தன. அவருக்குத் தனிமை ஒரு சுதந்திரம். கால்நடையாக வந்த ஆசிரியருக்குச் சத்திரக் கதவே தயங்கித் திறந்தது. அவருக்குத் தனிமை சந்தேகத்துக்குரிய அடையாளம். மாளிகை காணும் வழக்கம் யாவர்க்கும் உரியதாயிருந்தது என்று எழுதும் ஆசிரியர் சிலர், 'யாவர்' என்னும் சொல் அன்று நல்ல உடையணிந்து வண்டியில் வந்தோரையே குறித்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

இந்நிலையில் உண்மையான உடைப்பு 1838இல் ஏற்பட்டது. ஹம்ப்டன் கோட் அரண்மனை எட்டாம் ஹென்றி காலம் முதல் அரசர்க்குரியது. இரண்டாம் ஜோர்ஜுக்குப் பின் எந்த மன்னரும் அங்கு வாழவில்லை. அதுவரை அங்கும் காரியக்காரியின் ஆட்சியே நடந்தது. பணம் கொடுத்தோரைக் குழுவாகச் சேர்த்து, ஓவியங்களின் பெயர்களை ஒப்புவித்தவாறே அறை அறையாக விரைந்து நடத்திச் செல்வர். நின்று பார்க்க விரும்பியவன் குழுவைத் தாமதிக்கச் செய்யும் குற்றவாளியாவான். அரியணை ஏறிய மறுவருடமே விக்டோரியா மகாராணி அரண்மனையின் அரசறைகளைக் கட்டணமின்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இலண்டன் நகரத்துக் கூட்டம் திரைச்சீலைகளைக் கிழிக்கும், ஓவியங்களைச் சிதைக்கும் என அஞ்சியோர் பலர். ஓராண்டுக்குள் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்துபோயினர். அஞ்சியது எதுவும் நிகழவில்லை. 1849இல் புகையிரதப் பாதையும் வந்து சேரவே, ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடும்பங்களாக வரத்தொடங்கினர்.

ஹம்ப்டன் கோட்டிற் கட்டணம் நீங்கியதைப் பலரும் எடுத்துரைப்பர். வழிகாட்டி நீங்கியதே அதனினும் பெரிய மாற்றம் எனத் தோன்றுகிறது. ஒருவன் தான் விரும்பிய ஓவியத்தின்முன் விரும்பிய நேரம் நிற்கலாம் என்னும் உரிமை அங்கே பிறந்தது. நூதனசாலைத் துறையிற் பின்னர் புகழ்பெற்ற ஹென்றி கோல், பீலிக்ஸ் சமர்லி என்னும் புனைபெயரில் ஹம்ப்டன் கோட்டுக்கான கைந்நூலொன்றை 1841இல் வெளியிட்டமை இதன் விளைவேயாகும். காரியக்காரியின் வாயிலிருந்த வரலாறு அச்சுத்தாளுக்கு மாறியது. அச்சிட்ட செய்தி தவறாயின் அதைச் சுட்டிக்காட்டவாவது முடியும்.

பிரபுக்களின் தனியார் மாளிகைகள் பற்றிய கதை வேறு வழியிற் சென்றது. 1894இற் புதிய மரணவரி விதிக்கப்பட்டமையும், வேளாண் வருவாய் வீழ்ந்தமையும், வாரிசுகளை உலகப்போர்கள் கொண்டுசென்றமையும் சேர்ந்து, பெருவீடுகளைத் தாங்கமுடியாச் சுமையாக்கின. இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இடிக்கப்பட்டன. 1895இல் நிறுவப்பட்ட தேசிய நம்பிக்கை நிதியம் தொடக்கத்தில் இயற்கைக் காட்சியிடங்களிலேயே கருத்தூன்றியது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே மாளிகைகளை ஏற்கும் திட்டத்தைப் பரவலாக நடத்தக்கூடியதாயிற்று. இத்திட்டத்தின் செயலாளராக 1936இல் நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் லீஸ்-மில்ன் என்பவரே இவ்வரிசையில் இறுதியாகக் குறிப்பிடவேண்டிய தனிவழிப் பயணி.

புகையிரதத்திலும் துவிச்சக்கர வண்டியிலும் கால்நடையாகவும் இவர் நாடெங்குஞ் சென்று மாளிகைகளைக் கண்டு அறிக்கை எழுதினார். போர்க்காலத்தில் எழுதிய நாட்குறிப்புகள் 1975 தொடக்கம் நூல்களாக வெளிவந்தன. அவற்றில் வரும் மாளிகைகள், பைன்ஸ் அம்மையார் கண்ட புதுமெருகு பூசியவை அல்ல. வேலையாட்கள் போய்விட்டனர், பெருமண்டபத்தில் இராணுவம் குடியிருக்கிறது, கூரை ஒழுகுகிறது, முதிய பிரபுவும் மனைவியும் சமையலறைக்கு அருகிலுள்ள ஒற்றை அறையில் கணப்பைச் சூழ்ந்து குளிரில் அமர்ந்திருக்கின்றனர். முன்பு அந்நியன் கையில் பணத்துடன் வந்து அனுமதி கேட்டான். இப்பொழுது வீட்டுக்காரர் அந்நியனிடம் வீட்டைக் காப்பாற்றுமாறு கேட்கின்றனர்.

லீஸ்-மில்னைப் படிப்பவர் எச்சரிக்கையாகவும் இருத்தல் வேண்டும். ஒக்ஸ்போட் மாணவராயிருக்கையில், றௌஷம் மாளிகையில் நடந்த விருந்தொன்றில் மதுமயக்கத்திலிருந்த குடியிருப்பாளன் குடும்ப ஓவியங்களைச் சவுக்கால் அடித்து, தோட்டத்துச் சிலைகளை நோக்கிச் சுட்டதைக் கண்டு, அன்றே மாளிகைகளைக் காப்பதற்குத் தம்மை அர்ப்பணித்ததாக 1970இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் கூறுகிறார். அந்நூலிற் புனைவு கலந்துள்ளமையை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நாட்குறிப்பில் அன்றன்று எழுதியது ஒன்று, நாற்பது ஆண்டு கழித்து நினைவுகூர்ந்து எழுதியது மற்றொன்று. மேலும், அவரது இரக்கம் முழுவதும் மாளிகைத் தலைவர்கள்பாற் சென்றது. வேலையிழந்த காரியக்காரி எங்கே போனாள் என்று அவர் அதிகம் வினவியதாகத் தெரியவில்லை.

போருக்குப் பின் பிரபுக்கள் சிலர் தாமே வாயிற் சீட்டு விற்கத் தொடங்கினர். லோங்லீற் மாளிகையின் தலைவர் 1949இல் இரண்டரைச் சிலிங் கட்டணத்துக்குத் தம் கதவைத் திறந்தார். 1992 நவம்பரில் வின்சர் கோட்டையின் ஒரு பகுதி தீக்கிரையாகவே, திருத்தச் செலவின் பெரும்பங்கைத் திரட்டுவதற்காக மறுவருடம் இலண்டனிலுள்ள பக்கிங்ஹாம் அரண்மனையும் கோடைகாலத்தில் கட்டணத்துக்குத் திறக்கப்பட்டது. 1997இல் வின்சரின் திருத்தவேலை நிறைவெய்தியது. மொறிற்ஸ் நடந்து வந்த அதே கோட்டைதான்.

வின்சரைப் பற்றிப் பேசுமிடத்து இலங்கை வாசகர் ஒரு செய்தியைக் கடந்து செல்ல இயலாது. 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாக வழங்கிய அரியணை, கண்டி மன்னர்களுக்கு 1815 வரை ஆசனமாயிருந்தது. அவ்வாண்டு கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாகவே, அரியணை கப்பலேறி வின்சர் கோட்டையை அடைந்தது. நூறாண்டுக்கு மேல் அது அங்கிருந்தது. அக்காலத்தில் அக்கோட்டைக்குச் சென்று அதைக் கண்டிருக்கக்கூடிய பயணிக்கு அது கீழைத்தேயப் பொன்வேலைப்பாட்டின் ஒரு மாதிரி. அதில் இறுதியாக அமர்ந்தவன் யார் என்பது அவனுக்கு ஒரு பொருட்டாயிருந்திராது.

அதில் இறுதியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன், கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடைய நாயக்கர் குலத்தவன். அரியணை ஒரு கோட்டைக்குச் செல்ல, அரசன் குடும்பத்தோடு வேறொரு கோட்டைக்கு அனுப்பப்பட்டான். வேலூர்க் கோட்டையில் அவன் பார்வையாளனாக அன்றி, சிறைவைக்கப்பட்டவனாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1832இல் இறந்தான். அரியணை 1934இல் குளொஸ்ரர் கோமகனால் இலங்கைக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது.